டைரக்ட் கொடுத்த டிரையர்

1973 நவம்பரில் பெய்த மழை இருக்கிறதே, அது சாதாரண மழை இல்லை. வானம் பொத்துக்கொண்டது என்பார்களே, அதுதான். சேலையூர் ஏரி நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. தாம்பரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் நடுக்கூடத்தில் கொடி கட்டி, மூன்று நாளாகக் காயாத துணி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈர நாற்றத்திலேயே சோறு தின்று, அந்த நாற்றத்திலேயே படுத்து எழுந்தது ஊர்.

அப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமை மத்தியானம், இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டில், எலெக்ட்ரீஷியன் ஜெபராஜ் தன் சைக்கிளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கிழக்குத் தாம்பரத்தில், ரோட்டைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி இருந்த பழைய ஓட்டு வீடு அது. கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் மாமரங்கள் கவிந்து, பகலையும் சாயங்காலமாக்கி வைத்திருந்தன.

ஜெபராஜுக்கு முப்பத்தைந்து வயது. மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை. கூட்டாளி ஏசுதாசன். ஃபேன், அயர்ன் பாக்ஸ், பம்பு மோட்டார், எது கெட்டாலும் இந்த இரண்டு பேரில் ஒருத்தனைத்தான் கூப்பிடுவார்கள். கரண்டில் கை வைக்கிறவனுக்கு வேறென்ன பயம் என்று ஜெபராஜ் பீற்றிக்கொள்வான். பீற்றலுக்கு அன்றோடு முடிவு கட்டியாயிற்று.

"வாங்க ஜெபராஜ்," என்று டீச்சர் கதவைத் திறந்தார். ஐம்பது தாண்டிய மனுஷி. மிஷன் ஸ்கூலில் சயன்ஸ் டீச்சர், சபைக் கமிட்டியிலும் ஓர் ஆள். "ஒருவழியா வந்தீங்களே. மூணு கார்டு போட்டேன்."

"மூணா? எனக்கு ஒண்ணுதான் கெடச்சுது டீச்சர். அதுவும் இன்னிக்குத்தான். ஏசுதாசன் மேஜையில ஒரு ஸ்க்ரூ தேடினேன், டிராயர் அடியில கெடந்துது."

"அவர்தான் போன வாரம் வந்து பார்த்தாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

ஜெபராஜ் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "ஏசுதாசனா வந்தான்?"

"ஆமா. ரூம் வாசல்வரைக்கும் வந்தார். மிஷினைப் பார்த்தார். பையைக்கூடத் திறக்கலை. 'இது ரிப்பேருக்கு லாயக்கில்லை டீச்சர், உடைச்சு பழைய இரும்புக்குப் போட்டுடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். முகமே சரியில்லை. ஜுரம் போலன்னு நெனச்சேன்."

ஏசுதாசன் அன்று குன்றத்தூரில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யப் போயிருந்தான். சாயங்காலம் வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று ஜெபராஜ் அதை அப்போதைக்கு விட்டுவிட்டான். ஏசுதாசன் சொல்லாமல் விட்டால் அதற்குக் காரணம் இருக்கும். அவ்வளவு நம்பிக்கை.

மிஷின் என்று டீச்சர் சொன்னது ஒரு சீமை டிரையர். ஈரத் துணியை உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டினால், டிரம் சுழன்று, சூடான காற்று அடித்து, முக்கால் மணியில் காயவைத்துக் கொடுக்கும். தாம்பரத்தில் அந்த நாளில் அப்படி ஒன்று இருக்கிறது என்றால் பார்க்கவே கூட்டம் கூடும். டீச்சரின் மகள் ஞானசௌந்தரிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஒரு நாளைக்கு முப்பது துணி. ஊர் திரும்பிய யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான் என்று மவுண்ட்ரோடு ஏலக்கடையில் இதைக் கண்டதும் டீச்சர் வாங்கிவிட்டார்.

"என்ன கம்ப்ளெயின்ட் டீச்சர்?"

"சூடு. லோவுல வெச்சாலும் ஹைல வெச்சாலும் ஒரே சூடு. பிள்ளைத் துணி ரெண்டு கருகிப்போச்சு." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "ஆஃப் பண்ணின பிறகும் சூடு இறங்க மாட்டேங்குது. அதுதான் எனக்குப் புரியலை."

வேலைக்காரி அம்மணி ஈரத் துணிக் கூடையோடு பின்னால் வந்துகொண்டிருந்தவள், அந்த அறை வாசலில் கூடையை வைத்துவிட்டு நின்றுகொண்டாள்.

"உள்ள கொண்டாந்து வையேன்," என்றான் ஜெபராஜ்.

"நா வரமாட்டேன் சார். இன்னா வேணா சொல்லு, வரமாட்டேன்."

"ஏன்? ஷாக் அடிக்குதா?"

அம்மணி, டீச்சர் தள்ளிப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "காஞ்ச துணிய எடுக்க கைய உள்ள வுட்டேன் சார். உள்ள இருந்து எடுத்துக் குடுக்குது."

"எது?"

"மடிச்சிக் குடுக்குது சார்."

ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தான்.

அறை சின்னது. முன்பு சாமான் போடும் அறையாக இருந்திருக்க வேண்டும். உயரத்தில் ஒரு ஜன்னல், அதன் வழியே மழை வெளிச்சம். மூலையில் வெள்ளை எனாமல் பெட்டி, இடுப்பளவு உயரம், முன்பக்கம் வட்டக் கதவு. வெளியே எல்லா இடமும் ஈரம், சுவரெல்லாம் வேர்த்து வழிகிறது. இந்த அறையின் சுவர் மட்டும் உலர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

முந்தின நாளிலிருந்து யாரும் மிஷினைப் போடவில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

சரி, அந்தப் பக்கம் சமையலறை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். முறைப்படிதான் செய்தான். பஞ்சு வடிகட்டியைக் கழற்றினான். சுத்தமாக இருந்தது. சூடான காற்று வெளியேறும் தகரக் குழாயில் கையை விட்டுப் பார்த்தான். எலி கிலி எதுவும் கூடு கட்டவில்லை. மீட்டர் வைத்தான். கரண்டு இருநூற்றுப் பத்துக்கு மேல் ஏறவில்லை. மழைக்காலத்து அழுமூஞ்சி வோல்டேஜ். இந்த வோல்டேஜுக்குச் சூடு குறைய வேண்டும். எப்படிக் கூடும்?

"டீச்சர், ஸ்கூல் லேபுல இருக்குமே, தெர்மாமீட்டர்... உங்ககிட்ட ஒண்ணு இருக்கா?"

இருந்தது. நூற்றுப்பத்து வரை கோடு போட்டது. அதை நூலில் கட்டிக் குழாய்க்குள் தொங்கவிட்டான். நான்கு துணியை உள்ளே போட்டு, லோவில் வைத்து, சுவிட்சைத் தட்டினான். டிரம் முனகிக்கொண்டு சுழன்றது.

இந்த மாதிரி மிஷினில் சூடு எழுபதைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் பார்த்துக்கொள்ள உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னத் தகடு இருக்கும். சூடு ஏறினால் தகடு வளைந்து கரண்டை வெட்டிவிடும், ஆறினால் மறுபடி ஒட்டும். குழந்தைக்குக்கூடப் புரியும் சங்கதி.

ஐம்பது. அறுபது. எழுபது. எண்பது நிற்காமல் போயிற்று. தொண்ணூறைத் தொட்டதும் ஜெபராஜ் சுவிட்சை அணைத்தான். அணைத்தது போதாதென்று பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

டிரம் நின்றது.

தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்றாறு.

பிளக் அவன் கையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், தெர்மாமீட்டரைப் பார்த்தான். நூறு.

மிச்சச் சூடு, வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆறட்டும் என்று காத்திருந்தான். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. பாதரசம் நூறிலேயே நின்றது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பஞ்சு கருகும் வாசனை அவனுக்குத் தெரியும். ரப்பர் கருகினாலும் தெரியும். இது நைலான். உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டு கருகும் நைலான். அதோடு கலந்து தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைமுடி.

இந்த வாசனையை அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் முகர்ந்திருக்கிறான்.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜெபராஜுக்குப் புஷ்பம் என்று ஒரே தங்கை இருந்தாள். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட, மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்த பெண். பல்லாவரம் பக்கம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை வாங்கிக் கொடுத்தவன் ஏசுதாசன். அந்த வீட்டு எலெக்ட்ரிக் வேலை எல்லாம் அவன்தான் பார்த்தான். ஜெபராஜ் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது கிடையாது.

71ஆம் வருஷம் நவம்பர் பதினேழு. மத்தியானம் ஏசுதாசன் சைக்கிளில் அலறிக்கொண்டு வந்தான். "மச்சான், புஷ்பம் மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திக்கிட்டாடா!" போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் பாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். பார்க்காதே மச்சான், பார்க்காதே என்று ஏசுதாசன் அவன் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டான். அந்த வாசனை மட்டும் மூக்கில் ஏறிவிட்டது. அன்று ராத்திரி ஏசுதாசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னான்: "லெட்டர் எழுதி வெச்சிருந்தாடா. மூணு மாசமாம். யாருன்னு எழுதலை. போலீஸ்காரன் கையில கெடச்சா உன் மானம் என்னாகிறது? நானே எரிச்சுட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

ஜெபராஜ் அவன் காலில் விழுந்தான். கடையில் பாதி உன்னுடையது என்று போர்டில் அவன் பெயரையும் எழுதினான்.

தானே உயிரை மாய்த்துக்கொண்டவளுக்குச் சபையில் மணி அடிக்கவில்லை. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, போதகர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் குழி வெட்டினார்கள். அண்ணன்காரன் போகவே இல்லை. அந்த நேரத்தில் அவன் கடையில் உட்கார்ந்து யாருடைய ஃபேனையோ பிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்த அவளுடைய ஒரே போட்டோவைக் கிழித்து அடுப்பில் போட்டான். "அவ பேரு இந்த வூட்டுல கேக்கக் கூடாது," என்று மனைவி பேபியிடம் சொன்னான். இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை.

இப்போது அதே வாசனை.

ஜெபராஜ் திருப்புளியை எடுத்தான். திருகாணியைப் பிடிக்க மூன்று தடவை முயன்றுதான் பின்பக்கத் தகட்டைக் கழற்ற முடிந்தது. டார்ச்சை அடித்தான். உட்பக்கத்து எனாமல் கொப்புளம் கொப்புளமாகக் கருகியிருந்தது. துடைத்திருக்கிறார்கள், முழுக்கப் போகவில்லை. இந்த மிஷின் ஏற்கெனவே ஒரு தடவை தீப்பிடித்த மிஷின்.

தெர்மோஸ்டாட் இருந்தது. அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு துண்டு வயர் போட்டு முறுக்கியிருந்தது.

அதற்கு நம்ம ஊர் ஒர்க்‌ஷாப் பாஷையில் ஒரு பெயர் உண்டு. டைரக்ட். காவலுக்கு இருக்கும் பார்ட் கெட்டுவிட்டால், புதுசு வருகிறவரை அதைத் தாண்டி நேராகக் கரண்டைக் கொடுத்துவிடுவது. எந்த மெக்கானிக் செய்யவில்லை? ஜெபராஜே எத்தனை பம்பு மோட்டாருக்குச் செய்திருக்கிறான். ஆனால் இது சூடு போடுகிற பெட்டி. இதில் டைரக்ட் கொடுத்தால் சூட்டை நிறுத்துவதற்கு உள்ளே ஆளே கிடையாது.

முறுக்கிய இடத்தில் பருத்தி டேப் சுற்றி, அதன்மேல் மெழுகு நூலால் மூன்று சுற்றுப் போட்டு முடிந்திருந்தது. நூல் முடிகிற மெக்கானிக் தாம்பரத்தில் ஒருத்தன்தான் உண்டு. ஜெபராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முடிச்சைத் தினம் பார்க்கிறான்.

தகட்டைத் திருப்பினான். வேலை செய்த தேதியை உள்பக்கம் பென்சிலால் எழுதுவது கடை வழக்கம். அதுவும் அவன் ஏற்படுத்திய வழக்கம்தான்.

'தெர்மோ டைரக்ட். ஏசு. 14-11-71.'

புஷ்பம் போவதற்கு மூன்றே நாள் முன்பு.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மண்ணெண்ணெய் இல்லை. மூன்று மாசம் இல்லை. துணி காய்கிறதா என்று கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே கனன்றுகொண்டிருந்த துணி காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. கட்டியிருந்தது நைலான் புடவை. அவ்வளவுதான். அடப்பாவி, அவ்வளவுதான்!

ஆத்திரத்தில் அந்த வயரை நூலோடு பிய்த்தெடுத்தான். ஹீட்டருக்குப் போகும் இரண்டு முனையையும் கழற்றித் தனியே தூக்கிப் போட்டான். இனி இந்த மிஷினில் சூடு என்பதே வராது. காற்று மட்டும்தான் வரும். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. முதலில் போட்ட நான்கையும் வெளியே இழுத்துவிட்டு, கூடையிலிருந்து சொட்டச் சொட்ட ஆறு துணியை அள்ளி உள்ளே எறிந்து, பிளக்கைச் செருகினான்.

டிரம் சுழன்றது. இரண்டு நிமிஷம் இருக்காது.

தானாக நின்றது.

வட்டக் கதவு மெதுவாகத் திறந்துகொண்டது.

ஆறு துணியும் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. காய்ந்து மொறுமொறுப்பாக. நாலாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகி. ஹாஸ்டலில் அப்படித்தான் மடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். இவனுடைய சட்டையையும் அப்படித்தான் மடித்து வைப்பாள். ஏண்டி சட்டைக்கு ஒரு மூலையை ஒளிச்சு வெக்கிற என்று இவன் கேலி செய்வான்.

"அண்ணா."

காதுக்குப் பக்கத்தில். மூச்சின் சூடு கழுத்தில் பட்டது.

அவன் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

அதே நேரத்தில் வாசல் பக்கம் சைக்கிள் கீழே விழும் சத்தம் கேட்டது. சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பில்லாத காலோடு, ஏசுதாசன் ஓடி வந்து அறை வாசலில் நின்றான். குன்றத்தூரிலிருந்து சீக்கிரமே திரும்பி, கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, பேபியிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவன் கண் முதலில் போனது கழற்றி வைத்த தகட்டின்மேல்.

"மச்சான்," என்றான் கிசுகிசுப்பாக. "வாடா போவலாம். டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"புஷ்பம் இருந்த வீட்டு மிஷினாடா இது?"

ஏசுதாசன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுடா."

"பார்ட்டு சீமையிலேர்ந்து வரணும் மச்சான், மூணு மாசம் ஆவும். அந்த வீட்டு வெள்ளைக்காரம்மா துணி காயலன்னு தினம் கத்துது. மழை முடியறவரைக்கும்தான்னு கொடுத்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல ஓடவுடக் கூடாதுன்னு புஷ்பத்துக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"சொன்னியா?"



"மறந்துட்டேன்டா."

"மண்ணெண்ணெய்?"

"நான்தான் கொட்டினேன். அப்புறமா. வேற என்னடா செய்யச் சொல்ற? என்னைத் தூக்கி உள்ள வெச்சிருப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுடா!"

ஜெபராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.  இரண்டு வருஷமாக அவன் தின்ற சோற்றிலெல்லாம் கலந்திருந்த விஷம் அது.

"லெட்டர்?"

ஏசுதாசன் தலையைக் குனிந்துகொண்டான். "லெட்டர்லாம் ஒண்ணும் இல்ல. நீ கேள்வி கேக்காம இருக்கணுமேன்னு..."

கூடப் பிறந்தவனாக நினைத்திருந்தான் இவனை. இவன் வாயால் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தன் ரத்தத்தை வேலிக்கு வெளியே வீசியிருக்கிறான். ஜெபராஜுக்கு அழுகைகூட வரவில்லை.  அப்படி அவன் மரத்துப்போய் நின்ற அந்த ஒரு கணத்தில், ஏசுதாசன் குனிந்து, தன் ஈரச் சட்டைக் கையால் தகட்டை அழுத்தித் துடைத்தான். ஒரே இழுப்பு. பென்சில் எழுத்து சாம்பல் கறையாகிப் போயிற்று.

"டேய்!"

"மன்னிச்சுடு மச்சான். இதை நீ போதகர்கிட்ட கொண்டு போவ. எனக்குத் தெரியும் உன்னைப் பத்தி."

இந்த ஆள் காலில் விழுந்தோமே. நட்பு என்ற பெயரில் ஒருத்தன் ஒருத்தனை எத்தனை தடவைதான் கொல்லலாம்!

ஏசுதாசன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தன் சட்டையைப் பார்த்தான்.

சட்டையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

இப்போதுதான் மழையில் முக்கி எடுத்தவன். சொட்டிய தண்ணீர் இன்னும் தரையில் கிடக்கிறது. அவன் சட்டை தோளிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வந்தது. ஈரத்தின் கோடு கண்ணெதிரே இறங்கியது. நெஞ்சு, வயிறு, வேட்டி. துணி விறைத்தது. காலர் ஓரம் பழுப்பாயிற்று.

"மச்சான்... சுடுதுடா."

தெர்மாமீட்டர் குழாய்க்குள் பட்டென்று வெடித்தது.

"புஷ்பம்! நான் வேணும்னு செய்யலம்மா! புஷ்பம்!"

அலறிக்கொண்டு ஓடினான். மாமரங்களுக்கு அடியில், கொட்டும் மழையில், கேட்டைத் தாண்டும்வரை அவன்மேலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்ததை அம்மணி பார்த்தாள்.

டீச்சர் கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உதடு வெளுத்திருந்தது. "நான் எல்லாம் கேட்டேன் ஜெபராஜ்," என்றார். "எழுத்து போனா போகுது. நான் சொல்றேன். கமிட்டியில நான் சொல்றேன்."

அவர் அம்மணியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். ஜெபராஜ் தனியே நின்றான். மிஷினின் கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து அவன் கைகூப்பினான். அண்ணன் தங்கையைக் கும்பிடுவதா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. அவன் சொன்னான், நம்பிட்டேன். என்னை மன்னிச்சுடு."



பிறகு அந்தக் குரல். கோபமில்லாத, களைத்துப்போன குரல்.

"நீ யாரையுமே கேக்கலையே அண்ணா."

அவ்வளவுதான். அறையிலிருந்த சூடு ஒரே வீச்சில் அற்றுப்போயிற்று. எனாமலைத் தொட்டான். கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லென்றிருந்தது. போய்விட்டாள், சாந்தியாகிவிட்டாள் என்று நினைத்து அப்போதுதான் குலுங்கிக் குலுங்கி அழுதான் ஜெபராஜ்.

ரத்தினபாய் டீச்சர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கமிட்டியில் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னார். ஏசுதாசனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் வந்து, மறுக்காமல், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டான். அவன் முதுகில் சட்டைத் தையல் வடிவத்திலேயே கொப்புளம் கிளம்பியிருந்தது என்று பேசிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலியைப் பிரித்து, எருக்கஞ்செடிகளுக்கு அந்தப்பக்கம் தள்ளிக் கட்டினார்கள். புஷ்பத்துக்கு மணி அடித்தது. போதகர் ஜெபம் பண்ணினார். ஜெபராஜ் கல்லில் அவள் பெயரை வெட்டி வைத்தான். டிரையர் டீச்சர் வீட்டில் வேறு தெர்மோஸ்டாட்டோடு ஒழுங்காக ஓடியது. அம்மணிகூட இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு துணி எடுக்கிறாள்.

எல்லாம் சரியாயிற்று என்றுதானே நினைப்பீர்கள்? ஜெபராஜும் அப்படித்தான் நினைத்தான்.

பேபிதான் முதலில் கவனித்தாள். அவனுடைய சட்டைகள் காயவில்லை. மழைக்காலம்தானே என்று விட்டார்கள். பொங்கல் போயிற்று, காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டினாள். அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்தாள். பெட்டி ஆறிப்போயிற்று, சட்டை ஈரமாகவே இருந்தது. டீச்சர் வீட்டு டிரையரில்கூடப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் சுழன்று, போட்டபடியே வெளியே வந்தது. புதுசாக எடுத்த சட்டையும் ஒரு தடவை அவன் மேலில் பட்டுவிட்டால் பிறகு அப்படித்தான்.

மே மாதம் வந்தது. கத்திரி வெயில். முடிச்சூர் ரோட்டில் தார் இளகி மாட்டின் குளம்பில் ஒட்டியது. கொல்லைக் கொடியில் போட்ட பேபியின் புடவை அரை மணியில் அப்பளமாயிற்று. பக்கத்தில் ஜெபராஜின் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண்ணில் சின்னக் குட்டையே கட்டியிருந்தது.

"இன்னொரு தடவை பிழிஞ்சு போடட்டுமாங்க?" என்று பேபி அழுகிற குரலில் கேட்டாள்.

"வேணாம். கொடு."

'நீ யாரையுமே கேக்கலையே அண்ணா' என்றது காதில் கேட்க, வாங்கிப் போட்டுக்கொண்டான். நடு வெயிலில் அவன் பல் கிட்டியது. பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.